விருந்தாளி ஆடு

அந்தத் தெருவில் யார் முன்னேறலாம், யார் முன்னேறக் கூடாது என்பதை ஒரு நாணயம் முடிவு செய்தது. அதைச் சுண்டிவிட்டவர் ஓர் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர், இரண்டு நாடுகளில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தலை விழுந்தால் கிழக்கு வரிசை வீடுகளுக்குத் தலா இரண்டு ஆடு, பூ விழுந்தால் மேற்கு வரிசைக்கு. தலை விழுந்தது. மேற்கு வரிசையின் கடைசி வீட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவர், கையில் ட்யூபோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்போ எங்களுக்கு எப்போ சார்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு இல்ல," என்றார் இயக்குநர், மிகவும் அன்பாக. "உங்களுக்கு ஒண்ணும் குடுக்காம இருக்கப் போறோம். முப்பத்தாறு மாசம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"ஒண்ணும் குடுக்காம இருக்கறதுக்கு எதுக்கு சார் கையெழுத்து?"

"சும்மா குடுக்காம இருக்கறது வேற, முறைப்படி குடுக்காம இருக்கறது வேற."

பஞ்சர்காரர் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் அவருடைய கட்டைவிரல் கிரீஸும் கூடவே பதிந்தது.

கால்நடைவழி ஊரக முன்னேற்ற ஆய்வு நிறுவனம் என்பது முழுப் பெயர். கேட்டில் மாட்டிய போர்டில் அது இரண்டு வரியாக மடங்கிக் கிடந்தது. ஊர் வாயில் அது ஆட்டாபீஸ். அங்கே நாற்பத்தொரு ஊழியர்கள், ஆறு வண்டிகள், குளிர்சாதனம் போட்ட ஒரு கூட்ட அறை எல்லாம் இருந்தன. ஆடு மட்டும் ஒன்றுகூட இல்லை. ஏழைக்கு ஆடு கொடுத்தால் ஏழ்மை குறையுமா என்பது அவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். இதை ஆடு வைத்திருக்கிற யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் சொல்வது வேறு, நிரூபிப்பது வேறு. நிரூபிக்க ஆடுள்ள ஏழைகளும் வேண்டும், ஆடில்லாத ஏழைகளும் வேண்டும். ஆடில்லாதவர்களுக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். இருக்கிறபடியே இருப்பதுதான் அவர்களுடைய கடமை. பஞ்சர்காரருக்கு அது ஒன்றும் சிரமமாகத் தெரியவில்லை, அவர் அப்பாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தொடுதிரை டேப் ஒன்றை வைத்துக்கொண்டு கணக்கெடுப்புப் பெண் வருவாள். இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். கேட்டு முடித்ததும் ஒரு சோப்பு கொடுப்பாள். கிழக்கு வரிசைக்கு ஆடு, மேற்கு வரிசைக்கு சோப்பு. ஒரு வருடத்துக்குள் மேற்கு வரிசைக்காரர்கள் அந்த ஊரிலேயே மிகச் சுத்தமான ஏழைகளாக ஆகிவிட்டார்கள்.

கிழக்கு வரிசைக்காரர்கள் மட்டும் கொழித்துவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. முப்பத்தாறு மாதம் அந்த ஆட்டை விற்கக் கூடாது, வெட்டக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்று விதி. பஞ்சர்காரரின் மைத்துனனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, எதிர்வீடு. அவனுக்கும் இரண்டு ஆடு கிடைத்திருந்தது.

"விக்கக் கூடாது, வெட்டக் கூடாதுன்னா அப்புறம் அது எதுக்குடா?" என்று அக்கா கேட்டாள்.

"வளரணுமாம் அக்கா."

"வளந்து?"

"அத இன்னும் சொல்லல."

விற்க முடியாத ஆடு, வேலைக்குப் போகாத சொந்தக்காரன் மாதிரி. கட்டிவைத்துத் தீனி போட வேண்டியதுதான். அதனால் கிழக்கு வரிசை ஆடுகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. கேட்டால், நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். அந்த ஊரில் நரியே கிடையாது. நிறுவனத்தின் அறிக்கையிலோ பதினொரு நரிகள் இருந்தன, அவற்றைப் பிடிக்கத் தனித் திட்டம் ஒன்றும் பரிசீலனையில் இருந்தது. கறிக்கடைக்காரர் அந்த வருடம் கடைக்குப் புதுக் கூரை போட்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு டிராக்டர்காரர் பஞ்சரான பெரிய டயரோடு வந்து மாட்டிக்கொண்டார். நாள் முழுக்க வேலை. கூலிக்குப் பதிலாக, வண்டியில் கிடந்த நோஞ்சான் பொட்டை ஆட்டுக்குட்டி ஒன்றை இறக்கி வைத்துவிட்டுப் போனார். பஞ்சர்காரர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவள் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றைத் தடவினாள்.

"தேறிடும்," என்றாள். "இது நம்ம பொண்ணு படிப்புக்கு."

மகள் அப்போது பத்தாம் வகுப்பு. நர்ஸ் படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து காய்கறிக் கடைக் கழிவு, வேலியோரத் தழை எல்லாம் அவள் பொறுப்பு. குட்டி தேறியது. பஞ்சர் ஒட்டுகிற பிசினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்றது.

அடுத்த முறை கணக்கெடுப்புப் பெண் வந்து வாசல் படியில் உட்கார்ந்தாள். "ஆடு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் 'இல்லை' என்று அழுத்தினாள். ஒப்பீட்டுக் குழுவுக்கு அப்படித்தான். உள்ளேயிருந்து குட்டி கத்தியது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, அது என்ன?"

"ஆடும்மா."

"ஐயோ, ஆடுன்னு சொல்லாதீங்கண்ணே."

மறுநாள் பஞ்சர்காரரை ஆட்டாபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை, ஒரு பக்கம் ஒன்பது பேர், மறுபக்கம் இவர். முன்னால் ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. எடுக்கலாமா, எடுத்தால் அதுவும் ஆய்வைக் கெடுத்துவிடுமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"உங்களுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?" என்று தொடங்கினார் இயக்குநர். "ஒண்ணும் குடுக்கறதில்லன்னு சொன்னோம், ஒண்ணும் குடுக்கல. சொன்ன சொல்லைக் காப்பாத்தினோம். நீங்கதான் மீறிட்டீங்க."

"நான் எங்கயும் திருடல சார். டிராக்டர்காரர் குடுத்தாரு."

"அதான் கேக்கறேன், டிராக்டர்காரர் யாரு? அவருக்கு என்ன தகுதி? ஒரு ஏழைக்கு ஆடு குடுக்கலாமா வேணாமான்னு நாங்க நாலு வருஷம் யோசிச்சோம். அவரு ஒரு டயருக்குக் குடுத்துட்டுப் போயிட்டாரு!" இயக்குநருக்குக் குரல் தழுதழுத்தது. பக்கத்திலிருந்தவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "நீங்க முன்னேறக் கூடாதுன்னு யாரும் சொல்லல. எங்க போர்டுலயே முன்னேற்றம்னுதான் போட்டிருக்கு. ஆனா நீங்க எங்களால முன்னேறணும். தன்னால முன்னேறிட்டா, அதை நாங்க எந்தக் கட்டத்துல எழுதறது?"

பஞ்சர்காரருக்குத் தாம் ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பொருளாதார நிபுணர் ஒருவர் இதமாகக் குறுக்கிட்டார். "சரி, அந்த ஆட்டை எதுக்கு வளக்கறீங்க? பாலுக்கா, கறிக்கா, தோலுக்கா?"

"பொண்ணு நர்ஸ் படிப்புக்கு சார்."

நிபுணர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். அதில் மூன்று கட்டங்களும், நான்காவதாகத் 'தெரியாது' என்று ஒரு கட்டமும்தான் இருந்தன. நான்காவதில் டிக் அடித்தார். தாங்கள் ஏன் ஆடு வளர்க்கிறோம் என்பதே சிறு விவசாயிகளுக்குத் தெரிவதில்லை என்ற அவருடைய புகழ்பெற்ற கட்டுரை இப்படித்தான் பிறந்தது. அதை மாநாடுகளில் படிக்க அவர் இரண்டு முறை விமானம் ஏறினார்.

பிறகு ஆட்டை என்ன செய்வது என்ற விவாதம் நடந்தது. விற்றுவிடட்டும் என்றார் ஒருவர். விற்றால் வருமானம் உயரும், அது இன்னும் ஆபத்து என்றார் இன்னொருவர். நாய் என்று எழுதிவிடலாம், நாய்க் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது என்றார் மூன்றாமவர். அவர் இளைஞர், முன்னுக்கு வருவார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாயாவது அழுதுவிட்டுப் போய்விட்டது, கூட்டம் போடவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, அந்த விலங்கு அவர் வீட்டில் 'தற்காலிகமாக வந்து தங்கியிருக்கும் விருந்தினர்' என்று தீர்மானம் நிறைவேறியது. விருந்தினரைச் சொத்துக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

"என்னவாம்?" என்றாள் மனைவி, அவர் வீட்டுக்கு வந்ததும்.

"நம்ம ஆடு விருந்தாளியாம்."

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாங்க. இது எத்தனை நாளைக்காம்?"

"அவங்க ஆய்வு முடியற வரைக்கும்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிஸ்கட்டை எடுத்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

விருந்தாளி அதன்பின் இரண்டு குட்டி போட்டது. மூன்று விருந்தாளிகள் என்று திருத்தி எழுதிக்கொண்டார்கள். குட்டிகள் இரண்டும் கொழுகொழுவென்று வந்தன. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏறியிருந்தாள். அவள் சேருகிற நேரத்துக்குக் குட்டிகளும் விலைக்கு வந்துவிடும், தாயையும் சேர்த்துக் கொடுத்தால் சேர்க்கைக்குச் சரியாக இருக்கும் என்று மனைவி அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள். கடன் வாங்காமல் ஒரு காரியம் நடக்கப் போகிறது என்பதே அந்த வீட்டுக்குப் புதிதாக இருந்தது.

இருபத்தொன்பதாவது மாதம் ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகும், கழிச்சல் பிடிக்கும், நாலாம் நாள் ஆடு எழுந்திருக்காது. நரிக்குத் தப்பிய கிழக்கு வரிசை ஆடுகள் விழ ஆரம்பித்தன. கால்நடை டாக்டர் ஐஸ் பெட்டியோடு வந்தார். அவர் அரசாங்க டாக்டர்தான், நிறுவனம் அவரை இரவல் வாங்கியிருந்தது. அதனால் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் அவருக்குப் பதில் ஒரு பூட்டு வேலை பார்த்தது. நல்ல மனிதர், நல்ல மனிதராக இருந்தே களைத்துப்போனவர்.

பஞ்சர்காரர் ஓடிப்போய்க் கும்பிட்டார். "சார், என்னுது மூணு இருக்கு. இன்னும் நோய் தொடல. போட்டுவிடுங்க சார்."

டாக்டர் தம் காலடியைப் பார்த்தார். அவர் கிழக்கு ஓரத்தில் நின்றிருந்தார். "இந்த ஊசி கிழக்கு வரிசைக்கு மட்டும்தாங்க. ரோட்டைத் தாண்டி நான் ஒரு ஊசி போட்டாலும் வேலை போயிடும்."

"எத்தனை ஊசி சார் இருக்கு?"

"நாப்பது."

"அங்க எத்தனை ஆடு சார் இருக்கு?"

"ரெண்டு. ரெண்டுக்கும் நோய் வந்தாச்சு, போட்டும் பிரயோசனம் இல்ல." டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கலக்கின மருந்து சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். அப்புறம் சாக்கடையில ஊத்திட்டு, ஊத்தினதா எழுதிக் குடுக்கணும்."

பஞ்சர்காரர் கும்பிட்ட கையை இறக்கினார். கோபப்படக்கூடத் தெம்பு வேண்டுமே. டாக்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ரோட்டைத் தாண்டக் கூடாதுங்க. ஆடு தாண்டக் கூடாதுன்னு எங்கயும் எழுதல."

பஞ்சர்காரர் வீட்டுக்கு ஓடினார். தாயை மகள் பிடித்துக்கொண்டாள், அவர் கைக்கொன்றாகக் குட்டிகளை இடுக்கிக்கொண்டார். தெருவின் அகலம் இருபதடி. மைத்துனன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மைத்துனனின் இரண்டு ஆடுகளும் போன வருடமே நரி வாயில் போயிருந்தன, ஆனால் கணக்கெடுப்புக்கு மட்டும் அவன் எங்கிருந்தாவது இரண்டு ஆட்டை இரவல் வாங்கிக் கட்டிக் காட்டிவிடுவான். அதனால் ஏட்டில் அவன் இன்னும் ஆட்டுக்காரன்.

ஊசியை எடுத்த டாக்டர், கூடவே காதில் துளை போடுகிற இடுக்கியையும் எடுத்தார். "ஒண்ணு சொல்லிடறேன். ஊசி போட்டா காதுல தோடு மாட்டணும். தோட்டு நம்பர் இந்த வீட்டுப் பேர்ல ஏறும். அப்புறம் இது நிறுவனத்து ஆடு. யோசிச்சுக்கோங்க."

பஞ்சர்காரர் மகளைப் பார்த்தார். அவள் தாயாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உசுரோட இருக்கட்டும் சார்," என்றார்.

மூன்று காதுகளில் மஞ்சள் தோடு ஏறியது. மைத்துனன் பெருமூச்சு விட்டான். "மச்சான், ஆடு உங்களுதுதான். முப்பத்தாறு மாசம் முடியட்டும், கயித்தோட கொண்டாந்து உங்க வாசல்ல கட்டறேன்." அவன் சோம்பேறியே தவிர, பொய்யன் இல்லை. அவன் பொய் சொன்னதெல்லாம் நிறுவனத்திடம்தான்.

அதன்பின் ஆடுகள் கிழக்கே இருந்தன, தழை மட்டும் மேற்கிலிருந்து போயிற்று. தெருவில் அவை மூன்றும்தான் பிழைத்தன. மகள் தேறினாள், நர்ஸ் படிப்புக்குக் கடிதமும் வந்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். ஆய்வு வெள்ளிக்கிழமை முடிகிறது, சனிக்கிழமை சந்தை. மனைவி விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள். எல்லாம் கச்சிதமாக இருந்தது. பஞ்சர்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது, அவருடைய வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு கச்சிதமாக அமைந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பந்தல் போட்டார்கள். தெருவே வந்து உட்கார்ந்தது. மேடையில் வெளிநாட்டு விருந்தினர் நான்கு பேர் இருந்தார்கள், இயக்குநர் கோட்டுப் போட்டிருந்தார்.

"ஆடு குடுத்த வரிசைல இன்னிக்கு மூணு ஆடு!" என்று முழங்கினார். "ஆடு குடுக்காத வரிசைல எத்தனை? பூஜ்ஜியம்! மூணைப் பூஜ்ஜியத்தால வகுத்துப் பாருங்க!"

புள்ளிவிவரக்காரர் எழுந்து காதோரம் குனிந்தார். மைக் அதையும் சேர்த்து ஊருக்குச் சொன்னது. "சார், பூஜ்ஜியத்தால வகுக்க முடியாது."

"அப்போ வகுக்க முடியாத அளவு வளர்ச்சின்னு எழுதுங்க."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். கொடுத்தது இருபத்து நான்கு ஆடு என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் இருந்தவர்களுக்கெல்லாம் நரிகளோடு சம்பந்தம் இருந்தது.

"இந்த வெற்றி கிழக்கோட நிக்கக் கூடாது," என்று தொடர்ந்தார் இயக்குநர். "மேற்கு வரிசை முப்பத்தாறு மாசம் பொறுமையா ஏழையா இருந்துச்சு. அந்தத் தியாகத்தை நாங்க மறக்கல. ஆனா புது ஆடு வாங்க இந்த வருஷம் ஒதுக்கீடு இல்ல. அதனால ஜெயிச்ச ஆடுங்களையே கைமாத்தித் தரப் போறோம். மேற்கு வரிசையிலயே ரொம்பப் பின்தங்கின குடும்பம்னு எங்க ஆய்வு காட்டின..."

பஞ்சர்காரரை மேடைக்கு அழைத்தார்கள். மைத்துனன் மூன்று ஆடுகளையும் கயிற்றோடு கொண்டுவந்தான். அவற்றின் கழுத்தில் மாலை தொங்கியது, தாய் அதில் பாதியைத் தின்றிருந்தது. பஞ்சர்காரரைக் கண்டதும் அது கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்து அவர் கையை நக்கியது.

"பாருங்க!" என்றார் இயக்குநர், விருந்தினர்களிடம். "பயனாளியை ஆடு எவ்வளவு சீக்கிரமா ஏத்துக்கிச்சு!"

"சார்," என்றார் பஞ்சர்காரர். மைக்கில் அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "இது என் ஆடு சார்."

"ஆமா! இனிமே உங்க ஆடுதான்!" என்றார் இயக்குநர். பந்தல் அதிர்ந்தது.

மைத்துனன் அவரைக் கெஞ்சும் கண்ணால் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அவன் மாட்டுவான், டாக்டர் மாட்டுவார். வாங்க மறுத்தால் ஆடுகள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஒப்பந்தத்தை நீட்டினார்கள். முப்பத்தாறு மாதம் விற்கக் கூடாது, வெட்டக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் கறிக்கடைக்கு நடந்தார். மற்றவர்கள் செய்ததுதானே, நாமும் செய்தால் என்ன என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனார். கடைக்காரர் அன்றைய பேப்பரை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் மாலையோடு மூன்று ஆடுகளும், நடுவில் பஞ்சர்காரரும்.

"எத்தனையோ நரிக்கு நான் ஒத்தாசை பண்ணியிருக்கேன்," என்றார் அவர். "ஆனா ஊர்ல இருக்கறதே இந்த மூணுதான், போட்டோ வேற வந்துடுச்சு. இதுல கத்தி வெச்சா நான் உள்ள போயிடுவேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

திங்கட்கிழமை வந்து போயிற்று. மகள் அழவில்லை. கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாள். அவள் அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க அவர் எந்த ட்யூபை எடுத்தாலும் ஓட்டையைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

செய்தி இயக்குநர் காதுக்கு எப்படியோ எட்டியது. அவருக்கு இரக்க மனம். பழைய கணக்கெடுப்புப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், அந்த இடம் காலி, பன்னிரண்டாம் வகுப்பு போதும் என்று சொல்லி அனுப்பினார். நிறுவனத்தால் ஒரு குடும்பத்துக்கு ஆடும் வேலையும் சேர்ந்து கிடைப்பது இதுதான் முதல் தடவை என்று ஆண்டறிக்கையில் ஒரு பெட்டிச் செய்தியும் போட்டார்கள்.

முதல் நாள் மகளுக்குக் கொடுத்த பட்டியலில் முதல் வீடு அவர்கள் வீடு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தாள். பஞ்சர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். மனைவி கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஐயா, நான் நிறுவனத்துலேர்ந்து வரேன்," என்றாள் மகள். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மனைவிக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். அடுத்ததை அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி ஆடு வளர்த்த அனுபவம் உண்டா?"

உண்டு என்றால் புதுப் பயனாளிக்குரிய தகுதி போய்விடும், அன்றைக்கே வண்டி வந்து மூன்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உள்ளே குட்டி ஒன்று கத்தியது.

"இல்லம்மா," என்றார் அவர்.

மகள் நிமிரவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.